தொலைந்த அட்டைக்கு யார் பொறுப்பு?

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, கூட்டம் நிறைந்த நகரப் பேருந்தில் என் பணப்பை களவு போயிற்று. ரொக்கம் 40 ரூபாய்தான். ஆனால் கல்வி உதவித் தொகை வந்து சேரும் கணக்கின் ஏ.டி.எம். அட்டையும் அதனுள் இருந்தது. அட்டையின் உறைமீதே நான்கு இலக்க இரகசிய எண்ணை எழுதி வைத்திருந்தேன் என்பதையும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

விடுதிக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்ல அச்சம். மறுநாள் ஞாயிறு, வங்கி விடுமுறை. திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். சனி இரவு 2,000 ரூபாயும் ஞாயிறு காலை 3,000 ரூபாயும் எடுக்கப்பட்டன. செய்திகள் ஊரிலிருந்த அப்பாவின் கைப்பேசிக்குப் போயின. கணக்கில் பதிந்திருந்தது அவர் எண். குறுஞ்செய்தி படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

திங்களன்று கிளையில் இருந்த அலுவலர் அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, சனிக்கிழமை ராத்திரியே ஒரு போன் பண்ணியிருந்தா கார்டை அப்பவே முடக்கியிருப்போம். அதுக்கப்புறம் பணம் போனா அது பேங்க் தலையில. இப்ப 5,000மும் உன் தலையிலப்பா" என்றார்.

அது ஏன் என்று பின்னர் தேடிப் படித்தேன். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று இப்பொறுப்பை வகுத்தது. தவறு வங்கியுடையதாயின், வாடிக்கையாளர் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருக்கு இழப்பு இல்லை. தவறு இருவரிடமும் இன்றி வேறெங்கோ நேர்ந்திருந்தால், நாள் கணக்குத் தொடங்குகிறது. வங்கியின் செய்தி கிடைத்த நாளை நீக்கி, 3 வேலைநாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு முழுவதும் வங்கியைச் சாரும். 4 முதல் 7 வேலைநாள்கள் ஆகிவிட்டால் நாம் ஓரளவு ஏற்க வேண்டும்; நம்மிற் பலர் வைத்துள்ள அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அது ஒரு பரிமாற்றத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேற்படாது, மற்றச் சேமிப்புக் கணக்குகளுக்கு 10,000. அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

என் போன்றோர்க்கு உரியது மற்றொரு பிரிவு. இரகசிய எண்ணைப் பிறர் அறியவிடுதல் வாடிக்கையாளரின் கவனக்குறைவு. தெரிவிக்கும் வரை போன பணம் அவருடையது. தெரிவித்த பின் போவது வங்கியினுடையது. ஆக, சனி இரவே நான் பேசியிருந்தால் அந்த 2,000 போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையின் 3,000 தப்பியிருக்கும். புகார் ஏற்கும் வசதி இருபத்து நான்கு மணி நேரமும் இருக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையின் கட்டளையே. விடுமுறை என்பது கிளைக் கதவுக்குத்தான். வங்கியின் தொலைபேசி எண் அட்டையின் பின்புறம் அச்சாகியிருக்கிறதாம்; அட்டையே போனபின் அதை எங்கே பார்ப்பது!

எனக்கு உடன்பாடான விதி ஒன்றும் அதில் உண்டு. தவறு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்க வேண்டியது வங்கியின் கடமை. உரிய காலத்தில் தெரிவித்தால் 10 வேலைநாள்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைத்து, 90 நாள்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். ஆனால் நாள் கணக்கு குறுஞ்செய்தியிலிருந்து தொடங்குவதுதான் என்னை உறுத்துகிறது. படிக்கத் தெரியாதவர் கையில் அச்செய்தி கிடைத்து என்ன பயன்?

இரகசிய எண் இல்லாமலும் பணம் போகக்கூடும். 2021 ஜனவரி முதல், தொட்டுச் செலுத்தும் அட்டைகளில் 5,000 ரூபாய் வரை அவ்வெண்ணைக் கேளாமலே செலுத்த இடம் தரப்பட்டது. வேண்டாதவர் வங்கியின் செயலியிலோ கிளையிலோ அவ்வசதியை நிறுத்தி வைக்கலாம்.

திங்களன்று தெரிவித்தபின் கணக்கில் எஞ்சிய 1,800 ரூபாய் தப்பியது. புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டேன். கணக்கில் அப்பாவின் எண்ணை நீக்கி என் எண்ணைப் பதிந்தேன். அன்றிரவு அவரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றார். புதிய அட்டையின் உறையில் இப்போது எதுவும் எழுதியிருக்கவில்லை. வங்கியின் எண்ணை விடுதி அறையின் கதவுக்குப் பின்னால் சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன்.