பாட்டிலில் ‘12 ஆண்டு’: சிங்கிள் மால்ட் விஸ்கியின் வயது உண்மையில் எதைக் குறிக்கிறது?

கொல்கத்தா: குழந்தை பிறந்த ஆண்டில் ‘12 ஆண்டு’ என அச்சிடப்பட்ட ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கியை வாங்கி, அக்குழந்தையின் திருமண நாளில் திறப்பதற்காகப் பூட்டி வைக்கும் குடும்பங்கள் உண்டு. 25 ஆண்டுகள் காத்திருந்து திறந்தாலும், பாட்டிலில் இருப்பது 37 ஆண்டு முதிர்ந்த விஸ்கி அன்று. அதே 12 ஆண்டு விஸ்கிதான்.

விஸ்கி முதிர்வது ஓக் மரப் பீப்பாயில் மட்டுமே. கண்ணாடி பாட்டிலில் அடைக்கப்பட்டவுடன் அதன் வயது நின்றுவிடுகிறது.

கடந்த 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், பிரிட்டன் விஸ்கி மீதான 150 சதவீத இறக்குமதி வரியை முதலில் 75 சதவீதமாகவும், பத்தாம் ஆண்டில் 40 சதவீதமாகவும் குறைக்க வகை செய்கிறது. ஆயினும், மதுவுக்கான கலால் வரியை விதிக்கும் அதிகாரம் மாநிலங்களிடம் உள்ளது. எனவே, இறக்குமதி வரி குறையும் அதே அளவுக்குக் கொல்கத்தா கடைகளில் விலை குறையும் என எதிர்பார்க்க இயலாது. அதிக விலை கொடுத்து வாங்குவோர் லேபிளில் உள்ள எண்ணின் பொருளை அறிந்திருப்பது அவசியமாகிறது.

எண்ணின் பொருள் என்ன?

முளைகட்டிய பார்லி, நீர், ஈஸ்ட் ஆகியவற்றைக் கொண்டு ஒரே வடிப்பாலையில் தயாரிக்கப்படுவதே சிங்கிள் மால்ட். ‘சிங்கிள்’ என்பது ஒரே வடிப்பாலையைக் குறிக்கிறதே தவிர, ஒரே பீப்பாயை அன்று. பல பீப்பாய்களின் விஸ்கியைக் கலந்தே பெரும்பாலான பாட்டில்கள் நிரப்பப்படுகின்றன.

அவ்வாறு கலக்கும்போது, அவற்றுள் மிகவும் இளைய விஸ்கியின் வயதையே லேபிளில் குறிப்பிட வேண்டும் என ஸ்காட்லாந்து விஸ்கிக்கான 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. ‘12 ஆண்டு’ பாட்டிலில் 15 ஆண்டு விஸ்கி கலந்திருக்கலாம். 11 ஆண்டு விஸ்கி ஒரு துளியும் இருக்கக் கூடாது. குறைந்தபட்சம் 3 ஆண்டுகள் ஸ்காட்லாந்திலேயே முதிர்ந்திருப்பதும் கட்டாயம்.

நிறத்தைக் கொண்டு வயதைக் கணிப்பதும் தவறு. நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க அவ்விதிமுறைகள் அனுமதிக்கின்றன.

இந்திய விஸ்கி இளையதாக இருப்பது ஏன்?

பீப்பாயில் உள்ள விஸ்கியில் ஒரு பகுதி ஆண்டுதோறும் ஆவியாகிறது. இது ‘தேவதைகளின் பங்கு’ எனப்படுகிறது. குளிர்ந்த ஸ்காட்லாந்தில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம். பெங்களூரு போன்ற வெப்பமான இடங்களில் 10 சதவீதத்துக்கும் மேல்.

இவ்விகிதத்தில் கணக்கிட்டால், 200 லிட்டர் விஸ்கியில் 12 ஆண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 157 லிட்டர் எஞ்சும்; இந்திய வெப்பத்தில் 56 லிட்டரே மிஞ்சும். அதேவேளையில், வெப்பம் காரணமாக மரத்தின் மணமும் நிறமும் விரைவாக விஸ்கியில் இறங்குகின்றன. நீண்ட காலம் விட்டுவைத்தால் மரத்தின் கசப்பு மேலோங்கிவிடும்.

இதனால்தான் பல இந்திய சிங்கிள் மால்ட் பாட்டில்களில் வயது அச்சிடப்படுவதில்லை. பெங்களூருவின் அம்ருத் நிறுவனம் 2004-இல் தனது சிங்கிள் மால்டை முதலில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகப்படுத்தியது. அந்நிறுவனம் 2013-இல் வெளியிட்ட 8 ஆண்டு விஸ்கிக்கு, ஆவியான அளவைச் சுட்டும் வகையில் ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’ (பேராசை கொண்ட தேவதைகள்) எனப் பெயரிட்டது. தட்பவெப்பம் வேறுபடுவதால், 8 ஆண்டு இந்திய விஸ்கியை 12 ஆண்டு ஸ்காட்சுடன் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவது பொருந்தாது.

வீட்டில் பாதுகாப்பது எப்படி?

கொல்கத்தாவின் கோடை வெப்பமும் மழைக்கால ஈரப்பதமும் பாட்டிலுக்கு ஏற்றவை அல்ல. வெயில் படாத, ஓரளவு குளிர்ந்த அலமாரியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒயின் பாட்டிலைப் போலப் படுக்கவைத்தால், அடர்த்தியான ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். திறந்தபின் பாட்டிலில் காற்று அதிகமாக அதிகமாக மணம் மங்கத் தொடங்கும். ஆகவே, பாதிக்கும் கீழ் குறைந்த பாட்டிலை அடுத்த விழாவுக்கென ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதில் பயனில்லை.

பிரபல நிறுவனங்களின் காலி பாட்டில்களில் போலி மது நிரப்பி விற்கும் மோசடியும் நடைபெறுகிறது. உரிமம் பெற்ற கடையில் வாங்குதல், மூடியின் முத்திரையையும் கலால் துறை ஒட்டுவில்லையையும் சரிபார்த்தல், காலி பாட்டிலை உடைத்து அப்புறப்படுத்துதல் ஆகியவை இதைத் தவிர்க்க உதவும்.

சில துளி நீர் ஏன்?

சுவைஞர்கள் வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் சிறிதளவு ஊற்றி, முதலில் மணத்தை நுகர்கின்றனர். பின்னர் சில துளி நீர் சேர்க்கின்றனர். இதற்கு அறிவியல் விளக்கமும் உண்டு. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கணினி ஆய்வின்படி, புகை மணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, நீர் சேர்க்கும்போது திரவத்தின் மேற்பரப்பை நோக்கி வருகிறது. மாறாக, பனிக்கட்டியின் குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும்.

முதிர்ந்த மது என்பதால் உடலுக்குத் தீங்கு குறைவு என்பது தவறான நம்பிக்கை. வயது எத்தனையாயினும் அதில் உள்ளது அதே எத்தனால்தான். மது அருந்துவதில் பாதுகாப்பான அளவு என எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் அறிவித்தது. மேற்கு வங்கத்தில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21 ஆகும்.