கம்ப்யூட்டர் ஹார்டுவேர்: பிள்ளைகளுக்கு வேலை உண்டா? நமக்கு வியாபாரம் உண்டா?

தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதங்களில் நம் உறுப்பினர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையனை ஹார்டுவேர் படிக்க வைக்கலாமா? வேலை கிடைக்குமா?" என்பதே அது. திருவாண்டார்கோயில், திருபுவனை வட்டாரத்து வணிகர்களுக்கு இது பெற்றோரின் கேள்வி மட்டுமன்று, கடைக்காரரின் கேள்வியும் ஆகும். விழுப்புரம் சாலையில் உள்ள தொழிற்சாலைகளில் ஷிப்டு விடும் நேரத்தை வைத்தே நம்மில் பலருக்குக் கல்லா நிரம்புகிறது. மின்னணுத் தொழிலுக்கென்று பிப்டிக் நிறுவனம் அமைத்த எலக்ட்ரானிக் பூங்காவும் திருபுவனையில்தான் இருக்கிறது. எனவே இத்தொழிலின் போக்கை நாம் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வேலைகள் மூன்று வகை

ஹார்டுவேர் வேலை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. முதலாவது, தொழிற்சாலை வேலை. பாகங்களைப் பூட்டுதல், சோதித்தல், பெட்டியில் அடைத்தல் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, பழுது நீக்கலும் பராமரிப்பும். கடைகள், பள்ளிகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள் எல்லாம் இதற்கு வாடிக்கையாளர்கள். மூன்றாவது, நெட்வொர்க், சர்வர், கண்காணிப்புக் கேமரா போன்றவற்றை நிறுவி நடத்தித் தருவது. இம்மூன்றின் வருங்காலமும் ஒன்றுபோல் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் "ஹார்டுவேருக்கு வேலை உண்டு" என்றோ "இல்லை" என்றோ சொல்வது பொருந்தாது.

புதுச்சேரி கண்ட ஏற்றமும் இறக்கமும்

ஒரு காலத்தில் நாட்டில் விற்ற கம்ப்யூட்டர்களில் பெரும் பங்கு புதுச்சேரியிலிருந்து போனது. எச்.சி.எல்., விப்ரோ, ஏசர், லெனோவா எனப் பெயர் பெற்ற நிறுவனங்கள் பலவும் இங்கே ஆலை வைத்தன. விற்பனை வரிச் சலுகையும் சென்னைத் துறைமுகம் அருகில் இருந்ததுமே அவற்றை இங்கு அழைத்து வந்தவை.

ஆனால் சலுகையை நம்பி வந்த தொழில், சலுகை குறைந்தால் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும். தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையில் 1997இல் இந்தியா சேர்ந்தது. அதன்படி கம்ப்யூட்டர் மீதான இறக்குமதிச் சுங்கவரி படிப்படியாகக் குறைந்து 2005இல் இல்லாமலே போயிற்று. தயாரான கம்ப்யூட்டரே வரியின்றி உள்ளே வரும்போது, பாகங்களை வாங்கி இங்கே பூட்டுவதில் மிஞ்சும் லாபம் மிகச் சிறிது. மக்களின் நாட்டமும் கைப்பேசி பக்கம் திரும்பியது. 2013இல் எச்.சி.எல்., விப்ரோ இரண்டும் கம்ப்யூட்டர் தயாரிப்பிலிருந்து விலகின. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின் பழைய விற்பனை வரிச் சலுகைகளுக்கும் இடமில்லாமல் போயிற்று.

அண்டை மாநிலத்தில் இதைவிடப் பெரிய பாடம் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. வரித் தகராறில் சிக்கியிருந்த அந்த ஆலை, கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியபோது அந்த விற்பனையில் சேரவில்லை. ஆர்டர் நின்றதும் 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஆலையை நம்பி வாடகை வீடு கட்டியவர்களும் உணவகம் வைத்தவர்களும் அன்று பட்ட பாட்டை வணிகர்களாகிய நாம் எளிதில் ஊகிக்கலாம்.

இப்போது வீசும் காற்று

நிலைமை மறுபடியும் மாறி வருகிறது. கம்ப்யூட்டர், லேப்டாப், சர்வர் உற்பத்திக்கு ஊக்கத்தொகை தரும் திட்டத்தை மத்திய அரசு 2021இல் 7,350 கோடி ரூபாயில் தொடங்கியது. 2023 மே மாதம் அதை 17,000 கோடி ரூபாய்த் திட்டமாக விரிவுபடுத்தியது. லேப்டாப் இறக்குமதிக்கு முன் அனுமதி பெறும் முறையும் அதே ஆண்டில் வந்தது. மின்னணுப் பாகங்களை இங்கேயே செய்வதற்கென 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது.

புதுச்சேரிக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தியும் உண்டு. செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கான சர்வர்களை ஆண்டுக்கு 50,000 வரை தன் புதுச்சேரி ஆலையில் தயாரிக்கப்போவதாக லெனோவா 2024 செப்டம்பரில் அறிவித்தது. சர்வர் என்பது சாதாரண மேசைக் கம்ப்யூட்டர் போன்றதன்று. அதைச் சோதித்துத் தேர்வு செய்யப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். ஆகவே வரும் வேலைகளில் திருகு முடுக்கும் வேலையைவிடச் சோதனை வேலைக்கே மதிப்பு அதிகம் எனலாம்.

ஆயினும் ஊக்கத்தொகையும் ஒரு சலுகைதான். அதற்கும் கால வரம்பு உண்டு. தொழிற்சாலையில் சேரும் பிள்ளை நிரந்தர வேலையா, ஒப்பந்ததாரர் மூலமான வேலையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதக் கணக்கு எழுதிக் கடன் கொடுக்கும் கடைக்காரரும் இதையே கேட்க வேண்டும். ஆர்டர் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுபவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களே. அந்த மாதம் நம் கடன் நோட்டில் வரவு விழாது.

ஊரை விட்டுப் போகாத வேலை

பழுது நீக்கும் வேலையை எந்த நிறுவனமும் மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது. இன்று நம் மளிகைக் கடையில்கூட பில் போடும் கம்ப்யூட்டர், பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், யு.பி.எஸ்., கேமரா, வைஃபை ரவுட்டர் என்று ஆறு கருவிகள் இருக்கின்றன. தீபாவளிக்கு முதல் நாள் மாலை பில் மெஷின் நின்றால் வில்லியனூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ ஆள் வரும்வரை காத்திருக்க இயலுமா? கூப்பிட்ட குரலுக்கு வருபவருக்குக் கேட்ட கூலியைக் கொடுக்க நாம் தயாராக இருக்கிறோம்.

இப்போதைக்கு இன்னொரு வாய்ப்பும் சேர்ந்துள்ளது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசசர் உள்ள இயந்திரங்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவதில்லை. எதை மாற்ற வேண்டும், எதை எஸ்.எஸ்.டி. போட்டு வேறு பணிக்கு ஓட்டலாம் என்று நாணயமாகச் சொல்லத் தெரிந்த ஆளுக்கு வேலை காத்திருக்கிறது.

ஆனால் பழைய தொழில் அப்படியே நீடிக்கும் என்று எண்ணலாகாது. புதிய லேப்டாப் பலவற்றில் மெமரி தனியாகக் கழற்ற இயலாதபடி போர்டோடு பற்றவைக்கப்பட்டு வருகிறது. அட்டையைக் கழற்றி அட்டையை மாட்டும் அளவுக்கு மட்டும் தெரிந்தவருக்கு வேலை சுருங்கும். போர்டைப் படித்து, எந்தச் சிப்பு பழுது என்று கண்டு, சால்டர் செய்து சரிப்படுத்தத் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. இதைச் சிப் லெவல் சர்வீஸ் என்பர்.

எங்கே படிக்கலாம்?

அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் பயிற்சி நிலையங்களை நாடுமுன் ஐ.டி.ஐ.யை நினைவில் கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் மெக்கானிக் இரண்டாண்டுப் படிப்பு. ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்பு ஓராண்டுப் படிப்பு. டிப்ளமோ விரும்புவோருக்கு இலாசுப்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் உள்ளது. எதில் சேர்ந்தாலும், "சால்டரிங் இரும்பைக் கையில் கொடுப்பார்களா, வெறும் நோட்டுப் பாடம்தானா?" என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வணிகர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அப்ரெண்டிஸ் சட்டப்படி நான்கு முதல் 29 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்கள் விரும்பினால் பயிற்சியாளரை வைத்துக்கொள்ளலாம். 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு அது கட்டாயம். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. கம்ப்யூட்டர் விற்கும் உறுப்பினர்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரை இப்படி எடுத்துப் பழக்கினால் பிள்ளைக்குத் தொழிலும் கடைக்குத் திறமையான ஆளும் கிடைக்கும்.

ஹார்டுவேர் வணிகர் கவனத்துக்கு

1. அடாப்டர், யு.பி.எஸ்., பவர் பேங்க் போன்றவை பி.ஐ.எஸ். பதிவுக் குறியோடு வந்தால் மட்டுமே வாங்குங்கள். ரிச்சி தெருவில் விலை மலிவு என்று குறியற்ற சரக்கை எடுத்தால் பின்னால் வில்லங்கம் நமக்கே.

2. கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் 9 முதல் பாதுகாப்புச் சோதனைச் சான்று தேவை. மொத்த வியாபாரி தள்ளிவிடும் பழைய இருப்பைப் பார்த்து வாங்கவும்.

3. சர்வர்களின் தேவை பெருகியதால் 2025 இறுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியது. எனவே கொட்டேஷனில் எத்தனை நாள் வரை அந்த விலை செல்லும் என்று கட்டாயம் எழுதுங்கள்.

4. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உதிரிபாகம் அடக்கமா, உழைப்பு மட்டுமா என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கழித்துப்போட்ட போர்டையும் பேட்டரியையும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேருங்கள்.

முடிவாக

தொழிற்சாலை வேலையை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கிடைத்தால் போகட்டும், நான்கு ஆண்டு நின்று சோதனைப் பிரிவில் தொழில் கற்கட்டும். ஆனால் ஆலையின் சம்பளத்தை மட்டும் நம்பாமல் கையில் ஒரு வித்தையோடு வெளியே வரட்டும். வித்தை கையிலிருந்தால் ஆலை வேறு ஊருக்குப் போனாலும் பிள்ளை ஊரிலேயே பிழைத்துக்கொள்வான், மகளாயினும் அவ்வாறே. ஹார்டுவேர் படிப்புக்குப் பணம் கட்டுமுன் அது எந்த வித்தையைக் கற்றுத் தரும் என்று கேளுங்கள். வேலை உண்டா என்ற கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது.