ஐஸ் எதற்கு உதவும், எதற்கு உதவாது?



பேசாலை, தலைமன்னார் கரைகளில் மீனுக்குப் போடுகிற ஐஸ் லேசாகக் கிடைக்கும். அதனால் அடிபட்டாலும், சுட்டாலும், பாம்பு கடித்தாலும் நாங்கள் அதைத்தான் தேடுகிறோம். எல்லாவற்றுக்கும் அது மருந்து இல்லை.

சுளுக்கு, வீக்கம்: குளிர் பட்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், வீக்கம் கட்டுப்படும், வலி மரக்கும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். முதல் 2 நாளும் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை வைக்கலாம். வெறும் ஐஸ் தோலைப் புண்ணாக்கும். சீனி வருத்தத்தால் கால் மரத்தவர்கள் வைக்கவே கூடாது.

வெயிலில் மயங்கினால்: நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். புத்தி தடுமாறினால் உயிருக்கு ஆபத்து. நனைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

தீக்காயம்: ஐஸ் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் பூசாதீர்கள்.

திருக்கை முள்: இதற்குக் குளிர் அல்ல, சூடுதான் நல்லது. தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை வைத்தால் வலி தணியும். தண்ணீர் 45 பாகையைத் தாண்டக் கூடாது. வேறொருவர் கை வைத்துப் பார்க்கட்டும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாம்புக்கடி: ஐஸ் வைப்பது, இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அதற்குள் விஷம் ஏறிவிடும். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள், காசு இல்லை.

இந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டுவோம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம்.