வீட்டுப் படங்களும் வட்டத் தகடும்

இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள், வீட்டில் எடுத்த வீடியோப் படங்களை டிவிடித் தகட்டில் பதிவு செய்வது எவ்வாறு என்பதாகும். "கைப்பேசியில் இருக்கும் கோப்பைத் தகட்டில் போட்டுவிட வேண்டியதுதானே, இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். வேறு சிலர், "இந்தக் காலத்தில் தகடு எதற்கு?" என்றும் கேட்கலாம். இரண்டாவது வினாவுக்கு முதலில் விடை கூறிவிடுகிறேன்.

புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் தகடு செருகும் இடமே இல்லை. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியோடு எழுதத்தக்க புளூரே தகடுகளைச் செய்வதை நிறுத்திக்கொண்டது. ஆகவே தகடு என்பது மறைந்து வருகிற பொருளே, ஐயமில்லை. ஆயினும் பல வீடுகளில் பாட்டியாரின் அறையில் ஒரு டிவிடிக் கருவி இன்னும் இயங்கிக் கொண்டிருக்கிறது. தகட்டை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் வெளியூரில் இருக்கும் பேரன் தவழ்வது தெரியும் என்பது அம்மூதாட்டிக்குப் பழகிப்போன செய்தி. கைப்பேசியின் சிறு திரையோ அவர் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அவருக்காகத் தகடு செய்ய முற்படும் மாணவன், படம் என்பது எண்களாக எவ்வாறு அடங்குகிறது என்னும் ஒரு நல்ல பாடத்தையும் கற்றுக்கொள்கிறான்.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். ஒரு கோப்பை உள்ளது உள்ளபடியே தகட்டில் இறக்கி வைப்பது ஒரு வகை. அதனைத் தரவுத் தகடு என்பர். கணினி அதைப் படித்துவிடும். பாட்டியாரின் பழைய கருவியோ, "இத்தகட்டை இயக்க இயலாது" என்று கூறிவிடும். அக்கருவி எதிர்பார்ப்பது வேறொரு வகை. அதுவே டிவிடி வீடியோத் தகடு. 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த டிவிடிக்கு என வகுக்கப்பட்ட இலக்கணம் அது. அதன்படி, படம் எம்பெக்-2 என்னும் முறையில் அமைந்திருத்தல் வேண்டும். நம் நாட்டுக்குரிய பால் முறையில் ஒவ்வொரு படச்சட்டமும் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள் கொண்டதாக, வினாடிக்கு 25 சட்டங்கள் வீதம் ஓட வேண்டும். ஒலி, வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் கணக்கில் இருக்க வேண்டும். இவை யாவும் 'வீடியோ டிஎஸ்' என்னும் பெயருடைய ஒரு கோப்புறையில் மூவகைக் கோப்புகளாக அடங்கியிருக்கும். விஓபி என்பவை படத்தையும் ஒலியையும் தாங்குபவை. ஐஎஃப்ஓ என்பவை, எது எங்கே தொடங்குகிறது என்று காட்டும் பொருளடக்கம் போன்றவை. பியுபி என்பவை அப்பொருளடக்கத்தின் மறுபடிகள். முதற்படி இருக்கும் இடத்தில் கீறல் விழுந்தால் மறுபடி கைகொடுக்கும். நமது பரீட்சைத் தாள்களுக்கு இத்தகைய ஏற்பாடு இல்லையே என்று நான் பல முறை எண்ணியதுண்டு.

கைப்பேசி எடுக்கும் படமோ இவ்விலக்கணத்துக்கு உட்பட்டதன்று. அதில் சாதாரணமாக ஒரு சட்டத்துக்கு 1920-க்கு 1080 புள்ளிகள் உண்டு. பெருக்கிப் பாருங்கள், 20,73,600 வரும். டிவிடிச் சட்டத்தின் புள்ளிகளையும் பெருக்குங்கள்; 4,14,720. முன்னது பின்னதைப் போலச் சரியாக ஐந்து மடங்கு. அதாவது, கைப்பேசிப் படத்தைத் தகட்டுக்கு மாற்றும்போது ஐந்து புள்ளிகளில் நான்கை இழக்கிறோம். இதைக் கூறுவதற்கே இவ்வளவு தூரம் வந்தேன். மாற்றுதல் வேறு, படியெடுத்தல் வேறு. படியெடுத்தால் ஒன்று இரண்டாகும், எதுவும் குறையாது. மாற்றினால் சில போய்விடும். போனவை திரும்பி வருவதில்லை.

ஏன் இழக்க வேண்டும், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாகாதா என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க மூன்று பைட் வேண்டும் என்று கொள்வோம். டிவிடிச் சட்டம் ஒன்றுக்கு 12,44,160 பைட் ஆகும். வினாடிக்கு 25 சட்டங்கள் என்றால் ஏறத்தாழ 3 கோடியே 11 இலட்சம் பைட். ஒற்றை அடுக்குத் தகட்டின் கொள்ளளவு 470 கோடி பைட். வகுத்தால் 151 வினாடி! ஒலியைச் சேர்க்காமலே, இரண்டரை நிமிடப் படத்தோடு தகடு நிரம்பிவிடும். தாலி கட்டுவதற்குள் தகடு தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவேதான் சுருக்குதல் இன்றியமையாததாகிறது.

சுருக்கும் முறை மிக நேர்த்தியானது. வகுப்பறையில் ஆசிரியர் பாடம் நடத்துவதைப் படம் பிடிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர் கை அசைகிறது; வாய் அசைகிறது. பின்னாலிருக்கும் கரும்பலகை அசைவதில்லை. சுவரும் அசைவதில்லை. அங்ஙனமாயின் வினாடிக்கு 25 முறை கரும்பலகையை மீண்டும் மீண்டும் எழுதி வைப்பானேன்? எம்பெக்-2 முறையில் ஒரு சட்டம் முழுமையாக எழுதப்படுகிறது. அடுத்து வரும் பத்துப் பன்னிரண்டு சட்டங்களுக்கு, எவை மாறின, எவை எத்திசையில் நகர்ந்தன என்னும் விவரம் மட்டுமே குறிக்கப்படுகிறது. பின்னர் மீண்டும் ஒரு முழுச் சட்டம். ஆகையால் அமைதியாக அமர்ந்து பேசும் தாத்தாவின் படம் சிறிய இடத்தில் அடங்கும். ஆடிப்பெருக்கன்று காவிரி நீர் சுழித்தோடும் காட்சியோ, திருவிழாக் கூட்டமோ, மத்தாப்பூவோ இடத்தை விழுங்கும். ஏனெனில் அங்கே ஒரு புள்ளியும் சும்மா இருப்பதில்லை. இடம் போதாவிட்டால் சுருக்கும் நிரல், கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களை முதலில் கைவிடும். பிறகு புலப்படுவனவற்றையும் கைவிடும். படம் சிறு சிறு கட்டங்களாகச் சிதறித் தோன்றுவது அப்போதுதான்.

இங்கே ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். என்னிடம் பயின்ற ஒருவர் தம் தந்தையாரின் அறுபதாம் கலியாணத்தை மினிடிவி என்னும் சிறு நாடாக் கேமராவில் எடுக்கச் செய்தார். அந்நாடா ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,300 கோடி பைட் கொள்வது. சட்டத்துக்கு 720-க்கு 576 புள்ளிகள் தருவது. படம் எடுத்த கடைக்காரர் அதனை வீசிடியாக மாற்றிக் கொடுத்துவிட்டு, நாடாவின் மேல் மற்றொரு வீட்டு வைபவத்தைப் பதிந்துகொண்டார். வீசிடியின் சட்டம் 352-க்கு 288. நாடாவிலிருந்த புள்ளிகளில் நான்கில் ஒரு பங்குதான். அன்றைய சிறிய தொலைக்காட்சிப் பெட்டியில் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. ஆண்டுகள் கழிந்தன. தந்தையார் காலமானார். கூடத்தில் மாட்டுவதற்கு அவர் சிரித்த முகத்தோடு கூடிய படம் ஒன்று வேண்டுமென்று தாயார் விரும்பினார். புகைப்படங்களில் எல்லாம் அவர் விறைத்து நிற்கிறார்; சிரித்தது அந்த வீடியோவில்தான். மகன் அத்தகட்டிலிருந்து ஒரு சட்டத்தைப் பிரித்தெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறக் கட்டங்கள் நாலைந்து இருந்தன. என்னிடம் கொண்டுவந்து, "ஐயா, இதைத் தெளிவாக்க வழி உண்டா?" என்று கேட்டார். இக்காலத்து நிரல்கள் சில, ஒரு முகத்தைக் கூர்மையாக்கித் தரவல்லவை. ஆனால் அவை இல்லாத புள்ளிகளை ஊகித்து நிரப்புகின்றன. வருவது ஒரு முகமாக இருக்கும். அவர் தந்தையாரின் முகமாக இருக்குமா? கேட்டுக்கொண்டிருந்த தாயார் வேண்டாம் என்று கூறிவிட்டார்.

ஆதலால், தகடு செய்து முடித்ததும் மூலக் கோப்பை அழித்துவிடும் வழக்கத்தை நான் கடுமையாகக் கண்டிக்கிறேன். கைப்பேசியில் இடமில்லை என்றால் மூலத்தை வன்தட்டு ஒன்றிலும், அதன் படியை வேறோர் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். தகடு பாட்டியாருக்கு, மூலம் வீட்டுக்கு. அவ்வாறே, மாற்றும் வேலையை எப்போதும் கேமராவிலிருந்து வந்த கோப்பிலிருந்தே தொடங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் வீடியோ வழியிலேயே ஒரு முறை சுருக்கப்பட்டுவிடுகிறது. அதைத் தகட்டுக்கு மாற்றினால் இரண்டாம் முறையும் சுருங்கும். அத்தை மகன் எடுத்த படம் வேண்டுமென்றால், ஆவணமாக அனுப்பும்படி அவரிடம் கேளுங்கள். அப்போது கோப்பு முழுமையாக வந்து சேரும்.

ஒரு தகட்டில் எவ்வளவு நேரப் படம் வைக்கலாம் என்பது மனக்கணக்கு. 470 கோடி பைட்டை எட்டால் பெருக்கினால் 3,760 கோடி பிட். இரண்டு மணி நேரம் என்பது 7,200 வினாடி. வகுத்தால் வினாடிக்கு 52 இலட்சம் பிட் கிடைக்கிறது. ஒலிக்கு 2 இலட்சமும், நிர்வாகச் செலவுக்குச் சிறிதும் ஒதுக்கினால் படத்துக்கு 48 இலட்சம் தேறும். இது நல்ல நிலை. மூன்று மணி நேரத்தை அடைத்தால் மொத்தம் 35 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவாகிறது. கூட்டக் காட்சிகள் கலங்கும். நான்கு மணி நேரமாயின் 26 இலட்சம். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மணி நேரம் மட்டுமே என்றால் கணக்குப்படி ஒரு கோடிக்கு மேல் வரும். ஆயினும் படத்துக்கு வினாடிக்கு 98 இலட்சம் என்பதே டிவிடியின் உச்சவரம்பு. 80 இலட்சத்தோடு நிறுத்துவது பழைய கருவிகளுக்கு நல்லது. கணினித் திரை 470 கோடியை 4.38 என்று காட்டுவதைக் கண்டு திகைக்க வேண்டா. அது ஆயிரத்துக்குப் பதில் 1,024-ஆல் வகுத்துக் காட்டுகிறது, தகடு குறைந்துவிடவில்லை. நம் கலியாண வீடியோக்களில் முகூர்த்தம் ஐந்து நிமிடமும் பந்தி ஒரு மணி நேரமும் இருப்பதால், கத்தரித்த பிறகு மாற்றுவதே சிக்கனம் என்பது என் அபிப்பிராயம்.

மாற்றும் நிரல்களுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. ஃபப்ரீஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சு நிரலாளர் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்பது, இன்று பல நிரல்களின் உள்ளே இருந்து இவ்வேலையைச் செய்கிறது. டிவிடிஸ்டைலர் என்னும் இலவச நிரல், மாற்றுவதோடு முகப்புப் பட்டியலும் அமைத்துத் தரும். எதைப் பயன்படுத்தினாலும் மூன்று இடங்களில் கவனம் தேவை. படம் 16-க்கு 9 என்னும் அகல வடிவமாயின் அதைத் தவறாமல் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் முகங்கள் எல்லாம் புடலங்காய்போல நீண்டு தோன்றும். கைப்பேசி பெரும்பாலும் வினாடிக்கு 30 சட்டங்கள் எடுக்கிறது. அதனை 25 ஆக்கும்போது ஐந்து சட்டங்கள் விழுந்துபோய், நடப்பவர் நொண்டுவது போலத் தெரியும். நம் நாட்டில் விற்பனையான டிவிடிக் கருவிகளில் மிகப் பல, அமெரிக்க வழக்கான என்டிஎஸ்சி முறைத் தகட்டையும் இயக்கவல்லவை. ஒரு சிறு துண்டைப் பதிந்து சோதித்துப் பார்த்து, இயங்குமாயின் அம்முறையையே கொள்ளலாம். பழைய நாடாவிலிருந்து எடுத்த படமாயின் வேறொரு நுட்பம் உண்டு. அதில் ஒவ்வொரு சட்டமும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரு பாதிகளாக அடுத்தடுத்துப் பிடிக்கப்பட்டது. மினிடிவியில் கீழ்ப்பாதி முன்னே வரும். நிரலில் வரிசையை மாற்றிக் கூறிவிட்டால், ஓடுகிற குழந்தை முன்னும் பின்னுமாக நடுங்கும்.

கடைசியாக, எழுதுதல். கடைத்தெருவில் "ரைட் பண்ணித் தருகிறேன்" என்பர். நூல்களில் எரித்தல் என்று காண்கிறோம். எரித்தல் என்பதே உண்மைக்கு நெருங்கியது. எழுதத்தக்க தகட்டின் நடுவே ஒரு சாயப் பூச்சு உள்ளது. சிவப்பு லேசர் ஒளி அதனை நுண்ணிய இடங்களில் சுட்டு, ஒளியைத் திருப்பும் தன்மையை மாற்றிவிடுகிறது. இச்சுவடு உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகச் சுருள்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் 1,350 சுற்றுகள் அடங்கும். இவ்வளவு நுணுக்கமான வேலையை அதிவேகத்தில் முடிக்கச் சொல்வது முறையன்று. 16 மடங்கு வேகம் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் 4 அல்லது 8 மடங்கில் எழுதுக. எழுதியபின் சரிபார்க்கும் வசதியையும், தகட்டை முடித்து மூடும் வசதியையும் விட்டுவிடலாகாது. மூடாத தகட்டைப் பல கருவிகள் ஏற்பதில்லை. கணினியில் ஓடியது என்று திருப்தியடையாமல், பாட்டியாரின் கருவியிலேயே தொடக்கம், நடு, இறுதி மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் தகராறு வெளி விளிம்பை ஒட்டிய இறுதிப் பகுதியில்தான் எழும்.

சாயம் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் அஞ்சுவது. ஆகவே தகட்டைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலோ சன்னலோரத்திலோ வைக்காமல், பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். மேற்புறத்தில் மென்முனைப் பேனாவால் நாள், ஊர், படத்தில் உள்ளவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். ஒரு வீட்டு அலமாரியில் 'கல்யாணம்' என்று மட்டும் எழுதிய ஏழு தகடுகளை ஒரே அடுக்கில் கண்டேன். எது யாருடையது என்று அறிய, வீட்டார் ஏழையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.