மணிக்கூண்டுக்கு அடியில் ஒரு நூலகம்

மும்பை கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ராஜாபாய் கோபுரம் புதிதல்ல. சர்ச்கேட்டில் ரெயிலை விட்டு இறங்கி, ஓவல் மைதானத்தைக் கடந்து ஆபீசுக்கு ஓடும்போது தலை தானாக நிமிரும். மணி பார்க்கத்தான்!

அந்தக் கடிகாரத்துக்குக் கீழே இருப்பது மும்பை பல்கலைக்கழக நூலகம். அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

தாயின் பெயர்

நூலகத்துக்கும் கோபுரத்துக்கும் பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த். பஞ்சு வியாபாரத்திலும் பங்கு வியாபாரத்திலும் கொடிகட்டிப் பறந்தவர். 1864-ல் நூலகத்துக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். பிறகு கோபுரத்துக்கு 2 லட்சம். அது அவருடைய தாயார் ராஜாபாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த அம்மாளுக்குக் கண் தெரியாது என்றும், ஜைனர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட மணியோசை உதவியது என்றும் ஊரில் ஒரு கதை உண்டு.

1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. பஞ்சு விலை விழுந்தது. பம்பாயில் பல பெரிய தலைகள் உருண்டன. பிரேம்சந்தும் நொடித்துப் போனார். ஆனால் கட்டிடம் நிற்கவில்லை. 1869-ல் வேலை தொடங்கி 1878-ல் முடிந்தது. கோபுரத்தின் உயரம் 280 அடி. வரைபடம் தயாரித்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் பம்பாய்க்கு வந்ததே இல்லை!

உட்கார ஒரு இடம்

மாடியில் படிப்பு மண்டபம். உயர்ந்த மரக்கூரை. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். 2015-ல் கோபுரமும் நூலகமும் பழுது பார்க்கப்பட்டுப் பொலிவு பெற்றன. 2018-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்தப் பகுதி இடம் பிடித்தது.

அழகு இருக்கட்டும். மாணவனுக்கு அங்கே கிடைக்கும் பெரிய வசதி, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சத்தமில்லாத சில மணி நேரம். ஒரே அறையில் ஆறு பேர் படுத்து எழும் தாராவி வீட்டுப் பிள்ளைக்கு இதன் அருமை தெரியும். அண்ணன் இரவு வேலை முடிந்து தூங்குவான். அம்மா அடுப்பு பற்ற வைப்பாள். பக்கத்து வீட்டு டி.வி. அலறும். பரீட்சைக்கு எங்கே உட்கார்ந்து படிப்பது?

பல்கலைக்கழகத்தின் காலினா வளாகத்தில் ஜவாஹர்லால் நேரு பெயரில் இன்னொரு நூலகம் உண்டு. ஆனால் கல்லூரி வாசலை எட்டாத பிள்ளைக்கு இரண்டுமே தூரம்தான்.

அப்படிப்பட்டவர்களால் பெயர் பெற்ற தெரு ஒன்று ஒர்லியில் இருக்கிறது. 'அப்யாஸ் கல்லி', அதாவது படிப்புச் சந்து. பரீட்சை நெருங்கினால், அங்கே தெருவிளக்கின் கீழ் புத்தகமும் கையுமாகப் பிள்ளைகளைப் பார்க்கலாம்.