சிறிய காரில் எதை ஏற்றுவது, எதை விடுவது?



விடியற்காலையில் மரம் வெட்டப் புறப்படுகிறவர் கையில் என்னென்ன இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெட்டுக்கத்தி, தீட்டுகல், வாளி, நெற்றியில் ஒரு விளக்கு. அவ்வளவுதான். ஸ்டோரில் கிடக்கும் சாமான்களையெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு யாரும் நிரைக்குள் நுழைவதில்லை. கத்தி மழுங்கினால் மரத்தடியிலேயே தீட்டிக்கொள்ளலாம். அதனால் கல் கூடவே போகிறது. வாளியின் அடி பெயர்ந்துவிட்டால் அங்கே செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதனால் பற்றவைக்கும் சாமான் போவதில்லை. இதே கணக்கை ஒரு மோட்டார் காருக்குப் போட்டுப் பார்ப்பதுதான் நமது இன்றைய பேச்சு.

நாம் எடுத்துக்கொள்ளும் கார் மிகமிகச் சிறியது. ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்பது அதன் பெயர். டொனால்ட் ஹீலி என்பவரின் குழுவினர் வடிவமைத்து, இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் செய்யப்பட்டு, 1958ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. விரைவாக ஓட்டி மகிழ்வதற்கென்று செய்யப்பட்ட, இருவர் மட்டும் அமரக்கூடிய கார். நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். முன்மூடியின் மேல் இரண்டு விளக்குகளும் துருத்திக்கொண்டு நிற்பதால் ஆங்கிலேயர் அதற்குத் 'தவளைக்கண்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 1961க்குள் சுமார் 49,000 கார்கள் செய்யப்பட்டன. பழைய கார்களைப் பேணிக் காப்பவர்கள் இன்றும் அவற்றை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சீமைக்காரர்களின் விளையாட்டுக் கார் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அதன் 948 சி.சி. இயந்திரம் புதிதாகச் செய்ததல்ல. 1956 முதல் மோரிஸ் மைனர் 1000 காரில் வந்த அதே வகை இயந்திரம்தான்; கார்புரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக வைத்து வேகத்தைச் சற்றுக் கூட்டினார்கள். மோரிஸ் மைனரை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே, இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலையில் தவளைக்கண் எந்த நோயால் நின்றுபோகிறதோ, அதே நோயால்தான் நம் ஊர் மோரிஸ் மைனரும் நின்றது.

இந்தக் காரில் ஒரு விசித்திரம் உண்டு. பின்னால் சாமான் வைக்க இடம் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்க மூடி இல்லை. செலவு குறையும், உடலும் உறுதியாக இருக்கும் என்று பின்பக்கத்தை முழுத்தகடாக அடைத்துவிட்டார்கள். ஆசனத்தின் சாய்மானத்தை முன்னே மடக்கி, அதன் பின்னால் உள்ள சந்தில் தலையை நுழைத்துத்தான் எதையும் எடுக்கவோ வைக்கவோ வேண்டும். மாற்றுச் சக்கரம் அந்தக் குகையின் கோடியில் தரையோடு படுத்திருக்கும். ஒரு டயர் பஞ்சரானால் முதலில் பெட்டி, பை, கருவி எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சாலையோரத்தில் பரப்ப வேண்டும்; அதன் பிறகுதான் சக்கரம் கைக்கு எட்டும். மழையும் சேர்ந்துகொண்டால் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. 1961இல் வந்த இரண்டாவது ஸ்பிரைட்டுக்குத்தான் பின்மூடி வைத்தார்கள்.

இவ்வளவு குறுகிய இடத்தில் எதை வைப்பது? ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது கெட்டால் கார் நின்றுவிடுமா? நின்றால், சாலையோரத்தில் நம் கையால் இதை மாற்ற முடியுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் ஏற்றலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அது வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்தத் தேர்வில் முதலில் தேறுவது பேன் பெல்ட். விலை அற்பம், எடை இல்லை, சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். அறுந்தாலோ இரண்டு கேடு. காற்றாடியையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுவது அதுவே. மின்சாரம் தரும் டைனமோவைச் சுழற்றுவதும் அதுவே. அறுந்தவுடன் சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்த பிறகும் ஓட்டினால் இயந்திரம் கொதித்து, இனித் திருத்தவே முடியாத நிலைக்கு வந்துவிடும். மாற்றுவது கடினமல்ல. டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை இயந்திரத்தின் பக்கம் தள்ளி, புதிய பெல்ட்டை மாட்டி, வெளியே இழுத்து இறுக்க வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும், அதுதான் பதம். நைலான் காலுறையைக் கட்டிச் சமாளித்ததாகச் சொல்வார்கள். சிறிது தூரம் மெதுவாகப் போக அது உதவலாம். அதை நம்பிப் பயணம் புறப்படக் கூடாது.

பெல்ட்டைப் பற்றி நமக்கே ஓர் அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மோரிஸ் மைனரில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் பெல்ட் அறுந்தது. "கவலையில்லை, புதிது இருக்கிறது" என்று பெருமையோடு பொட்டலத்தைப் பிரித்தோம். இரண்டு ஆண்டுகளாகக் காரிலேயே கிடந்த பெல்ட் அது. மாட்டிப் பார்த்தால் இரண்டு விரற்கடை குட்டை! கடைக்காரர் கொடுத்ததை அளந்து பாராமல் வாங்கியது நம்முடைய பிழை. கீழே இறங்கிய லாரிக்காரர் ஒருவர் தாப்பாவில் சொல்லியனுப்பி, சரியான பெல்ட் வந்து சேர நான்கு மணி நேரம் ஆயிற்று. கைக்குழந்தையோடு மழையில் காத்திருந்த அந்த நான்கு மணி நேரமும் நமக்கு ஒரு பள்ளிக்கூடம். அன்றிலிருந்து எந்தப் பாகத்தையும் வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டி, ஓட்டிப் பார்க்காமல் நாம் எடுத்துச் செல்வதில்லை. அது மட்டுமல்ல: நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாற்றுக்கு வைத்துக்கொண்டு, புதியதைக் காரில் பூட்டுவதே நல்லது. கழற்றியது வேலை செய்யும் என்பது நிச்சயம். புதியதில் குறை இருந்தால் அது வீட்டுக்கு அருகிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது தீப்பொறி. இந்தக் காலத்துக் கார்களில் மின்னணுக் கருவி செய்யும் வேலையை, அந்தக் காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சிறிய உலோக முனைகள் செய்தன. அவற்றைப் பாயிண்ட் என்பார்கள். இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து விநாடிக்கு 100 தீப்பொறி வேண்டும். அதாவது அந்த முனைகள் விநாடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். தேயாமல் என்ன செய்யும்? ஒரு ஜோடி பாயிண்ட், ஒரு கண்டன்சர், ஒரு ரோட்டார், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஒரு பிளக். இத்தனையும் ஒரு மைலோ டின்னுக்குள் அடங்கிவிடும். பாயிண்ட்டின் இடைவெளி 0.015 அங்குலம் இருக்க வேண்டும்; அதை அளக்கும் மெல்லிய தகடும் அதே டின்னில் இருக்கட்டும். பிளக் கம்பிகள் நான்கையும் தூக்கிச் செல்ல வேண்டாம். இருப்பதில் மிக நீளமான ஒன்று போதும். அது எந்தச் சிலிண்டருக்கும் எட்டும். ரோட்டாரைப் பற்றி ஒரு சொல். இப்போது புதிதாகச் செய்து விற்கப்படுபவற்றில் சில, மின்சாரத்தை நடுத்தண்டுக்குள் கசியவிட்டுக் காரைத் திடீரென நிறுத்திவிடுகின்றன. பழைய நல்ல ரோட்டார் கையிலிருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு பியூஸ், ஒரு பல்பு, மூன்று முழ மின்கம்பி, ஒட்டு நாடா, ரப்பர்க் குழாயைக் கவ்வும் வளையம் இரண்டு, ஆக்ஸிலேட்டர் கேபிள் ஒன்று, இரண்டு லிட்டர் தண்ணீர். ரப்பர்க் குழாய்கள் வெப்பத்தாலும் எண்ணெயாலும் உப்பி வெடிக்கும். கித்தாவோடு பழகிய உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. விரலால் அமுக்கிப் பார்த்தாலே அதன் வயது தெரியும்.

கருவிகளிலும் அதே சிக்கனம்தான். இந்தக் காரின் பெரும்பாலான போல்ட்டுகள் அங்குல அளவானவை. மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாகப் பொருந்தாமல் முனையைத் தேய்த்துவிடும். 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்களில் இரண்டிரண்டு இருந்தால் சாலையோர வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஏன் இரண்டிரண்டு என்றால், ஒன்று போல்ட்டைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. பிளக் கழற்றும் ஸ்பேனர், பெரியதும் சிறியதுமாக இரண்டு திருப்புளி, ஒரு குறடு, ஒரு டார்ச் விளக்கு, ஜாக்கி, சக்கர ஸ்பேனர். முப்பது துண்டு சாக்கெட் பெட்டி பார்க்க அழகாக இருக்கும். அது பட்டறைக்கு உரியது. சிலிண்டர் கேஸ்கெட்டை ஏற்றிச் செல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது போனால் சாலையோரத்தில் தலையைக் கழற்றப் போகிறார்களா என்ன?

இனி, வைக்கும் முறை. உயிருக்கு ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இந்தக் காரில் சாமான் இடத்துக்கும் ஆசனத்துக்கும் நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. வேகமாகப் போகும் கார் எதன் மீதாவது மோதி நின்றால், கார்தான் நிற்கும். பின்னாலிருக்கும் இரும்பு நிற்காது. கார் என்ன வேகத்தில் போனதோ அதே வேகத்தில் அது முன்னே பாய்ந்து, ஓட்டுகிறவரின் தலையில் விழும். ஆகவே இரும்புப் பெட்டி வேண்டாம். தடித்த கித்தான் துணியில் வரிசையாகப் பை தைத்து, ஒவ்வொரு ஸ்பேனரையும் அதில் செருகி, பாய் போலச் சுருட்டிக் கட்டுங்கள். வீட்டில் தையல் தெரிந்தவர்களுக்கு ஒரு மாலை நேர வேலை. அந்தச் சுருளை ஆசனத்துக்கு மிக அருகில், தரையோடு தரையாக வைத்து, வாரால் இறுகக் கட்ட வேண்டும். பாரம் பின்கோடியில் இருந்தால் இவ்வளவு இலேசான கார் வளைவில் வால் வீசும். ஜாக்கியும் சக்கர ஸ்பேனரும் எல்லாவற்றுக்கும் மேலே, முதலில் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். மைலோ டின்னைப் பழைய கைலித் துணியில் சுற்றி, மாற்றுச் சக்கரத்தின் குழிவில் பொருத்தினால் சத்தமும் வராது, ஈரமும் ஏறாது.

பெட்ரோல் டின் மட்டும் வேண்டவே வேண்டாம். சாமான் இடமும் ஆட்கள் இருக்கும் இடமும் ஒன்றே என்பதால் அதன் ஆவி நேராக நம் மூக்குக்கு வரும்; ஒரு பொறி போதும்.

பாட்டரி இறங்கிவிட்டால் இன்னொரு காரிலிருந்து மின்சாரம் வாங்கும் கம்பியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. இக்காலக் கார்களில் பாட்டரியின் எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும். தவளைக்கண் செய்யப்பட்டபோது நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டது. உதவிக்கு வருகிற நல்ல மனிதர் வழக்கம்போல் கறுப்புக் கம்பியைக் காரின் உடலில் மாட்டினால், பாட்டரியே வெடிக்கக்கூடும். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். பாட்டரியின் நேர்முனையோடு நேர்முனையை, எதிர்முனையோடு எதிர்முனையை மட்டுமே இணைக்க வேண்டும். சில கார்களைப் பிற்காலத்தில் மாற்றிக் கட்டியிருப்பார்கள். ஆகவே எந்த முனை உடலுக்குப் போகிறது என்று பார்த்து, பெரிய எழுத்தில் எழுதி, முன்மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

எல்லாம் கட்டி முடிந்த பிறகு, ஒரு நாள் இரவு வீட்டு வாசலிலேயே விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் மாற்றுச் சக்கரத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். முதல் தடவையில் அரை மணி நேரம் ஆகலாம். எந்தச் சாமானில் கை இடிக்கிறதோ அதன் இடத்தை மாற்றுங்கள். கடைசிவரை கை படாமலே கிடந்ததை மறுநாள் காலையில் எடுத்து வீட்டு அலமாரியில் வைத்துவிடலாம்.