நாலு நிறத்தில் ஒரு முகம்

அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டில் 2022-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி ஒரு விசித்திரமான வழக்கு விசாரணைக்கு வந்தது. பிரின்ஸ் என்ற பிரபல பாடகரின் முகம்தான் அதில் தகராறுக்குரிய பொருள். நீதிபதிகள் ஒன்பது பேருக்கும் முன்னால் இரண்டு படங்கள். ஒன்று கறுப்பு வெள்ளைப் புகைப்படம். மற்றொன்றிலும் அதே முகம்தான், அதே பார்வைதான். ஆனால் சாம்பல் நிழல்களெல்லாம் மாயமாகி, கறுப்புக் கோடுகளும் ஆரஞ்சு வர்ணமுமாக முகம் தட்டையாக நிற்கிறது. இந்த இரண்டாவது படத்தை ஒரு பத்திரிகைக்குக் கொடுத்துப் பணம் பெறுவதற்கு, முதல் படத்தை எடுத்தவரின் சம்மதம் வேண்டுமா, வேண்டாமா?

முதல் படத்தை எடுத்தவர் லின் கோல்ட்ஸ்மித் என்ற பெண்மணி. 1981-ல் நியூயார்க்கிலுள்ள தம் ஸ்டூடியோவில் பிரின்ஸை உட்கார வைத்து எடுத்தார். இரண்டாவது, உலகப் புகழ் பெற்ற சித்திரக்காரர் ஆண்டி வார்ஹோல் செய்தது. அவர் 1987-ல் காலமாகிவிட்டார். பட்டுத்திரை அச்சில் அவர் கைப்பட உருவாக்கிய அந்த ஜாலத்தை இன்று கல்லூரி மாணவன் ஒருவன் போட்டோஷாப்பில் ஒரு நிமிஷத்தில் செய்துவிடுகிறான். ஆகவே அந்த வழக்கு வார்ஹோலோடு தீர்ந்துபோகிற சங்கதியல்ல.

256 படிகள்

கம்ப்யூட்டருக்கு நிறம் என்பது வெறும் எண். சாதாரணப் படம் ஒன்றில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் பூஜ்யத்திலிருந்து 255 வரை போகும். ஆக 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள். கன்னத்தின் மேட்டிலிருந்து தாடையின் நிழலுக்கு வெளிச்சம் வழுக்கிக்கொண்டு இறங்குவது போலத் தோன்றுவதெல்லாம் இந்தப் படிகளின் நெருக்கத்தால்தான்.

‘போஸ்டரைஸ்’ என்ற கட்டளை இந்தப் படிக்கட்டை இடித்து, நாலே படியாகக் கட்டிவிடுகிறது. நடுவிலுள்ள எண்களெல்லாம் பக்கத்திலிருக்கும் படியில் போய் ஒட்டிக்கொள்ளவேண்டியதுதான். வழுக்கி இறங்கிய வெளிச்சம் தொப் தொப்பென்று குதித்து இறங்குகிறது. ‘திரெஷோல்ட்’ என்ற கட்டளை இன்னும் முரட்டுத்தனமானது. ஓர் எல்லை எண்ணைச் சொல்லிவிட்டால், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மைக் கறுப்பு, மேலே உள்ளதெல்லாம் சுத்த வெள்ளை. சமரசத்துக்கே இடமில்லை.

கட்டளை இடுவது சுலபம். ஆனால் அப்படியே இட்டால் பத்தில் ஒன்பது படம் பாழ். தேர்ந்தவர்கள் முதலில் நிறத்தை நீக்கிச் சாம்பல் படமாக்குவார்கள். இல்லாவிட்டால் மூன்று நிறங்களும் தனித்தனியாக நாலு படியாகி, 64 நிறங்கள் கலந்து முகத்தில் தேமல் விழுந்தது போலாகிவிடும். பிறகு படத்தைச் சற்றே மங்கலாக்குவார்கள். படத்தைத் தெளிவாக்க மங்கலாக்குவதா என்று வாசகர்கள் வியக்கலாம். தோலின் துவாரங்களும் மயிர்க்கால்களும் அப்போதுதான் கரைந்து, நிழலின் ஓரம் கத்தரித்தாற்போல வரும். அதன் பிறகே படிகளைக் குறைத்து, மிகக் கறுத்த படிக்கு ஒரு வர்ணம், அடுத்ததற்கு ஒரு வர்ணம் என்று பூசுவார்கள். காசு கொடுத்துப் போட்டோஷாப் வாங்க முடியாதவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ‘கிம்ப்’பிலும் இவ்வளவும் நடக்கும்.

ஒன்று மட்டும் எந்தக் கட்டளைக்கும் கட்டுப்படாது. நேர் எதிரே பிளாஷ் வெளிச்சம் அடித்து எடுத்த படத்தில் மூக்கின் ஓரத்தில் நிழல் விழுவதில்லை. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் மூக்கே காணாமல் போய், இரண்டு துவாரங்கள்தாம் மிஞ்சும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்த முகமோ, நிறமெல்லாம் போன பிறகும் இன்னார் என்று கூப்பிடும். கம்ப்யூட்டர் நிழலைப் பொறுக்கி எடுக்கும். இல்லாத நிழலை இந்தக் கட்டளைகளால் கொண்டுவர முடியாது. அது படம் எடுத்தவர் விளக்கை எங்கே வைத்தார், எந்த விநாடியில் பொத்தானை அமுக்கினார் என்பதைப் பொறுத்தது. கோர்ட்டு வரை போன தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

போட்டோஷாப்பின் பூர்வ கதை இதற்கு நேர் தலைகீழாக இருப்பது ஒரு வேடிக்கை. 1987-ல் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல் என்ற மாணவரிடம் இருந்த மாக்கிண்டாஷ் யந்திரத்தின் திரைக்குக் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறொன்றும் தெரியாது. அதில் சாம்பல் நிறத்தைத் தோன்றச் செய்யத்தான் அவர் முதன்முதலில் எழுத உட்கார்ந்தார். சினிமாத் தந்திரக் காட்சிகளில் வேலை பார்த்துவந்த சகோதரர் ஜானும் கூடச் சேர்ந்துகொள்ள, 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது.

இருட்டறையில்

கம்ப்யூட்டருக்கு முன்பே இந்த வித்தை இருட்டறைகளில் நடந்துவந்தது. ‘லித்’ பிலிம் என்று ஒன்று உண்டு, அச்சுக்கூடங்களில் புழங்கியது. கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டுமே அதற்குத் தெரியும். ஒரே நெகட்டிவிலிருந்து இத்தகைய மூன்று பிலிம்களைக் குறைவான நேரம், நடுத்தர நேரம், அதிக நேரம் என்று வெளிச்சம் காட்டி எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் நிழலின் ஒவ்வொரு படி பதியும். பிறகு மூன்றையும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அச்சிடவேண்டும். பிசகினால் உதடு ஓரிடம், உதட்டின் நிழல் வேறிடம்!

இவ்விதம் நிழல் களைந்த முகங்களில் மிகப் பிரசித்தமானது சே குவேராவின் முகம். சென்னை வீதிகளில் அதைச் சட்டையில் அணிந்து செல்லும் வாலிபர்களுக்கும் அதை எடுத்தவர் பெயர் தெரியுமா என்பது சந்தேகம். 1960 மார்ச் 4-ந் தேதி கியூபாவின் ஹவானாத் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்தது. மறுநாள் அஞ்சலிக் கூட்டத்தில், மேடையில் ஒரு கணம் முன்னால் வந்து நின்ற சேயை ஆல்பர்ட்டோ கோர்டா என்பவர் படம் பிடித்தார். அவரை அனுப்பிய பத்திரிகை அதை வெளியிடக்கூட இல்லை. 1968-ல் அயர்லாந்துச் சித்திரக்காரர் ஜிம் பிட்ஸ்பாட்ரிக் அதைக் கறுப்பும் சிவப்புமான சுவரொட்டியாக்க, அது உலகம் சுற்றியது. கோர்டாவுக்குப் பல வருஷம் ஒரு காசும் வரவில்லை. 2000-ல், அந்தப் படம் மது விளம்பரம் ஒன்றில் வந்ததைக் கண்டு வெகுண்டு வழக்குத் தொடர்ந்தார். சமரசத்தில் கிடைத்த 50,000 டாலரைக் கியூபாவின் வைத்தியத் துறைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷமே கண்ணை மூடினார்.

ஒபாமாவின் சுவரொட்டிக் கதையில் இந்தக் கண்ணியம் இல்லை. 2008 தேர்தலில் சிவப்பு, நீலம், பழுப்பு வெள்ளையில் அந்த முகத்தைப் பிரபலமாக்கியவர் ஷெப்பர்ட் பேரி. மூலப் படம், மானி கார்சியா என்பவர் 2006-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி ஸ்தாபனத்துக்காக எடுத்தது. ஸ்தாபனம் உரிமை கேட்டது. வழக்கில் பேரி, தாம் உபயோகித்தது வேறொரு படம் என்று சாதித்தார். அதற்காகக் கம்ப்யூட்டரிலிருந்த பைல்களை அழித்து, பொய்த் தஸ்தாவேஜுகளும் சிருஷ்டித்தார். உண்மை வெளிப்பட்டது. 2011-ல் வழக்கு ராஜியாயிற்று. ஆனால் பொய் சொன்ன குற்றம் விடவில்லை. 2012-ல் 25,000 டாலர் அபராதமும் இரண்டு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தார்கள். முகத்தை யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிராது.

கோர்ட்டு சொன்னது

பிரின்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1984-ல் ‘வானிட்டி ஃபேர்’ பத்திரிகை, வார்ஹோல் பார்த்து வரைவதற்காகக் கோல்ட்ஸ்மித்தின் படத்தை 400 டாலர் கொடுத்து வாங்கியது. ஒரே ஒரு தடவைதான் உபயோகிக்கலாம் என்பது நிபந்தனை. பத்திரிகையில் ஊதா நிறப் பிரின்ஸ் வெளிவந்தது. கோல்ட்ஸ்மித்தின் பெயரும் போட்டிருந்தார்கள். ஆனால் வார்ஹோல் அந்த ஒரு படத்தோடு நிற்காமல் மொத்தம் 16 செய்து வைத்திருந்தார். 2016-ல் பிரின்ஸ் இறந்தபோது, வார்ஹோலின் பெயரால் நடக்கும் ஸ்தாபனம் ஆரஞ்சு நிறப் படத்தைப் பத்திரிகை முதலாளிகளுக்கு 10,000 டாலருக்குக் கொடுத்தது. இந்தத் தடவை கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. இப்படி ஒரு படம் இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

2019-ல் கீழ்க்கோர்ட்டு ஸ்தாபனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2021-ல் அப்பீல் கோர்ட்டு அதை மாற்றியது. 2023 மே 18-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஏழு பேருக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித்துக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டது. இரண்டு படமும் ஒரே காரியத்துக்குத்தானே போகின்றன, பிரின்ஸைப் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் அச்சிடத்தானே என்று கேட்டது நீதிபதி சோனியா சோட்டோமேயர் எழுதிய தீர்ப்பு. புதுச் சாயல் ஏற்றியது மட்டும் போதாது என்பது அதன் சாரம். நீதிபதி எலினா கேகன் கடுமையாக மறுத்து எழுதினார். பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளாமல் புதுக் கலை எப்படிப் பிறக்கும் என்பது அவர் வாதம். தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் அவரோடு சேர்ந்துகொண்டார்.

தீர்ப்பு 2016-ல் பத்திரிகைக்குக் கொடுத்த அந்த ஒரு படத்தைப் பற்றியது. மற்ற 15 படங்களையும் சுவரில் மாட்டி வைப்பது சரியா, தவறா என்பதைப் பற்றிக் கோர்ட்டு ஒன்றும் சொல்லவில்லை.